சூடாறாப் பெட்டியும் மலைக்காய்ச் சாறும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மகளிர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய அறிஞர்கள் சிலம்பின் நயத்தையும் செந்தமிழின் தொன்மையையும் எடுத்து மொழிந்தார்கள். எனக்குப் பின் பேசவிருக்கும் அன்பர் தமிழிசையைப் பற்றிப் பேசுவார். இவ்விருவர்க்கும் இடையில் வந்து நிற்கும் நான் அடுப்பங்கரையைப் பற்றிப் பேசப்போகிறேன். சிலர் முகத்தில் புன்முறுவல் அரும்புவதைக் காண்கிறேன்; அரும்பட்டும். காப்பியம் பாடிய புலவனும் பசித்த வேளையில் உண்டுதான் இருப்பான். அவனுக்குச் சோறு ஆக்கியவள் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை, அவ்வளவே. மகளிர் குழுவினர் எனக்கு இட்ட தலைப்பு, காய்கறிகளை மெல்ல வேகவைத்துச் செய்யும் சாறு. வழக்கில் சொன்னால், 'சூப்பு'.

சூப்பு என்றவுடன், அது துரைமார் பங்களாவில் மேசைமேல் வைத்துக் கரண்டியால் பருகிய அயல்நாட்டுப் பண்டம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். ஆங்கில அகராதியைப் புரட்டிப் பாருங்கள். 'மல்லிகாட்டானி' என்று ஒரு சூப்பின் பெயர் அங்கே இருக்கும். நம் மிளகுத்தண்ணீர்தான் அது! 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அச்சொல் ஆங்கிலேயரின் நாவில் ஏறிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளை கடல் கடந்து போய், தொப்பி அணிந்து திரும்பி வந்தால், அடையாளம் தெரியாமல் நாமே அவனுக்கு நாற்காலி எடுத்துப் போடுவதில்லையா? அதுபோன்றதே இதுவும்.

இனி இன்னொரு சொல். காயையும் கிழங்கையும் பயற்றையும் ஒரே கலத்தில் இட்டு வேகவைப்பதைப் 'புழுக்குதல்' என்றனர் நம் முன்னோர். அவ்வாறு வெந்த உணவு 'புழுக்கு' எனப்பட்டது. சங்க நூல்களிலேயே காணப்படும் சொல் இது. தமிழ்நாட்டில் இன்று புழுங்கல் அரிசியிலும், கோடைக்காலத்துப் புழுக்கத்திலும் இதன் உறவு எஞ்சியிருக்கிறது. உணவின் பெயராக அரிதாகவே கேட்கிறோம். ஆனால் நாம் குடியிருக்கும் இந்தப் பாலக்காட்டில் அச்சொல் உயிரோடு உலவுகிறது. மார்கழித் திருவாதிரையன்று சேனை, சேம்பு, சிறுகிழங்கு, வாழைக்காய், பயறு ஆகியவற்றை ஒன்றாக வேகவைத்துத் தேங்காய் சேர்த்துச் செய்கிறார்களே, அதன் பெயர் திருவாதிரைப் புழுக்கு. தாய்வீட்டில் மறந்துபோன நகை ஒன்றை அண்டை வீட்டார் பாதுகாத்து வைத்திருந்ததைப் போல, தமிழர் ஆண்ட சொல்லை மலையாள நாடு நமக்காகப் போற்றி வைத்திருக்கிறது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களின் மொளகூட்டலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பருப்பு, காய், தேங்காய், சீரகம் இவையே அதில் உண்டு, புளி இல்லை. புளி இல்லாமைக்கு நாவின் விருப்பம் மட்டுமன்றி வேறொரு காரணமும் கூறலாம். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அன்பர்களே! சூப்பைப் பற்றிப் பேச இந்த ஊரைவிடத் தகுந்த ஊர் உண்டோ? 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டன. பாலக்காடு சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து கேரளத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. வரைபடத்தில் கோடு விழுந்தது. வயலிலும் தோட்டத்திலும் தமிழ் நின்றது. வட்டவடையிலும், கோவிலூரிலும், கொட்டக்கம்பூரிலும், காந்தளூரிலும் கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பீன்ஸும் பட்டாணியும் விளைகின்றன. காந்தளூர், வட்டவடைப் பூண்டு 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. காரமும் மணமும் மிக்கது, நெடுநாள் கெடாமல் நிற்பது. அதே ஆண்டில் நம் பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடித் துவரையும், ஆட்டுக்கொம்பு போல் வளைந்து ஊதா நிறம் பூண்ட ஆட்டுக்கொம்பு அவரையும் அப்பெருமையை எய்தின. அவை மலைவாழ் மக்கள் தம் கொல்லைகளில் வழிவழியாகக் காத்துவந்த விதைகள். கீழே சமவெளிக்கு வந்தால், எருத்தேம்பதி, வடகரைப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் முருங்கையும், எலவஞ்சேரியில் பாகலும் புடலும் விளைகின்றன. ஒரு சூப்புப் பானைக்கு வேண்டிய எல்லாம் இவ்விரு மாவட்டங்களின் எல்லையோரத்திலேயே கிடைத்துவிடுகின்றன. இங்கே விளையாதவற்றைக் கோவிந்தாபுரத்தையும் வாளையாற்றையும் கடந்து வரும் வண்டிகள் ஒட்டன்சத்திரத்துச் சந்தையிலிருந்து கொண்டுவந்து தருகின்றன.

ஆயினும், விளைவிப்பவர் வீட்டுக் கலத்தில் இவை எவ்வளவு விழுகின்றன? இந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே நான் இம்மேடைக்கு வந்தேன். நல்ல கேரட்டு மூட்டையில் ஏறிச் சந்தைக்குப் போகிறது. முறிந்ததும் பிளந்ததும் மாட்டுக்குப் போகின்றன. வீட்டில் சோறும், ஒரு குழம்பும், அப்பளமும். தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்புகளில் இன்னும் கடினம். விடியலில் எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மலைச்சரிவில் ஏறி, நாள் முழுதும் கொழுந்து பறித்து, மாலையில் லயத்துக்குத் திரும்பும் தாய், மறுபடியும் அடுப்பின் முன் அமரவேண்டும். அவள் கையில் மிஞ்சுவது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் எது வேகுமோ அதுவே அவ்வீட்டின் இரவுணவு. துவரை வேக நேரமில்லையென்றால் துவரை இல்லை. கிழங்கு வேக நேரமில்லையென்றால் கிழங்கு இல்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றின் பெண்தொழிலாளர்கள் ஊதியத்துக்காகவும் போனசுக்காகவும் தெருவில் அமர்ந்து, 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரை நாடறியச் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ஊதியத்துக்குப் போராட்டம் உண்டு. நேரத்துக்குப் போராடுவது யாரோடு? வீட்டு ஆடவரோடு என்று ஒரு தாய் முன்வரிசையிலிருந்து சொல்கிறார். அதற்கும் வருகிறேன், அம்மா.

இந்த நேரக் குறையைத் தீர்க்க மேலை நாட்டார் கண்ட கருவிதான் 'ஸ்லோ குக்கர்'. தடித்த பீங்கான் கலம். அதைச் சுற்றி மின்சூடு தரும் உறை. மேலே கண்ணாடி மூடி. காலையில் பொருள்களை இட்டுச் சென்றால் மாலையில் உணவு ஆயத்தமாய் இருக்கும். இதன் பிறப்பு சுவையான கதை. அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்னும் யூதப் பொறியாளர் இருந்தார். அவருடைய தாய் லித்துவேனிய நாட்டு வில்னாப் பகுதியிலிருந்து வந்தவர். யூதர்கள் வெள்ளி மாலை கதிர் மறைந்தது முதல் சனி மாலை வரை தீ மூட்டமாட்டார்கள். ஆதலால் வெள்ளியன்றே பயறும் கிழங்கும் நிறைந்த 'சோலண்ட்' என்னும் உணவுப் பானையை ஊர் ரொட்டிக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அடுப்பு அணைந்திருக்கும். ஆனால் அதன் சுவரில் சூடு இருக்கும். அந்த எஞ்சிய சூட்டில் இரவெல்லாம் பானை மெல்ல வெந்துகொண்டிருக்கும். தாய் சொன்ன இந்தச் செய்தியைக் கேட்ட மகன், அடுப்பின் சுவருக்குப் பதிலாக மின்கம்பியைச் சுற்றிக் கலம் ஒன்று அமைத்தார். 1936-இல் விண்ணப்பித்து 1940-இல் காப்புரிமை பெற்றார். நம் பள்ளிவாசலில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் அதே 1940-இல்தான் என்பது எனக்கு மகிழ்வூட்டும் ஒரு பொருத்தம். பின்னர் 1970-இல் வேறொரு நிறுவனம் நாக்சனின் தொழிலை விலைக்கு வாங்கி, 1971-இல் 'கிராக்பாட்' என்னும் புதுப்பெயரிட்டுக் கடைக்கு அனுப்பியது. அலுவலகம் செல்லும் பெண்கள் அதை வரவேற்றார்கள், வீடுதோறும் புகுந்தது.

நம் நாட்டிலோ 1959-இல் பிரஷர் குக்கர் தொழிற்சாலைகள் தோன்றின. நமக்கு அதுவே பழகிவிட்டது. நான் அதைப் பழிக்கமாட்டேன். அரை மணியில் பருப்பை வேகவைக்கும் கருவியைப் பழிப்பது நன்றியின்மை. ஆனால் காயையும் பருப்பையும் ஒன்றாக அதில் இட்டால் பருப்பு வேகுமுன் காய் உருவழிந்துவிடும். அன்றியும், அதன் அருகில் ஒருவர் நிற்கவேண்டும்.

'மின்பானை விலைக்கு நான் எங்கே போவேன்?' என்று கேட்பவர்க்கு ஒரு நற்செய்தி வைத்திருக்கிறேன். நாம் கூடியிருக்கும் இந்தப் பாலக்காட்டு மண்ணில், முண்டூரில், கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் ஊரகத் தொழில்நுட்ப மையம் 1987 முதல் இயங்கி வருகிறது. 1962-இல் தோன்றிய அப்பரிஷத், அறிவியலைத் தாய்மொழியில் மக்களிடம் கொண்டுசேர்க்கப் பாடுபட்டு, 1996-இல் 'ரைட் லைவ்லிஹுட்' என்னும் பன்னாட்டு விருதைப் பெற்றது. புகை குறைந்த பரிஷத் அடுப்பை நாட்டில் பரப்பியவர்கள் அவர்கள். அவர்கள் பரப்பிய மற்றொரு பொருளின் பெயர் 'சூடாறாப்பெட்டி'. பெயரைக் கேளுங்கள்! சூடு ஆறாத பெட்டி. மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லை.

அஃது என்ன? சூடு எளிதில் வெளியேறாத தெர்மோகோல் உறையுள்ள ஒரு பெட்டி. அடுப்பில் சில நிமிடம் கொதித்த அரிசிப்பானையை மூடியோடு எடுத்து இப்பெட்டிக்குள் வைத்து அடைத்துவிட்டால், தன் சூட்டிலேயே அரிசி வெந்துவிடும். அடுப்பும் இல்லை, மின்சாரமும் இல்லை, காவலும் இல்லை. வில்னாவின் ரொட்டிக்கடை அடுப்பு எவ்வழியில் சமைத்ததோ, அவ்வழியிலேயே முண்டூரின் பெட்டியும் சமைக்கிறது. நம் பாட்டிமார் கல்சட்டியில் குழம்பு வைத்து, இறக்கிய பின்னும் அது தளதளவென்று கொதிப்பதைக் காட்டி நம்மை வியக்கவைத்தார்களே, அந்தச் சூட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதன் கருத்து எளியது. காயும் பருப்பும் வேகுவதற்குத் தீ வேண்டுவதில்லை, சூடுதான் வேண்டும். நீர் கொதிநிலையை எட்டிய பிறகும் நாம் அடுப்பை எரித்துக்கொண்டே இருந்தால், அவ்வெரிபொருளின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதற்கும், பானையின் பக்கங்கள் வழியாகக் கசிந்து ஓடும் சூட்டை ஈடுசெய்வதற்குமே செலவாகிறது. கசிவை அடைத்துவிட்டால் செலவும் நின்றுவிடும்.

பெட்டியை விலைக்கு வாங்க வேண்டும் என்பதும் இல்லை. மரப்பெட்டியோ, தடித்த அட்டைப்பெட்டியோ, பெரிய மூங்கிற்கூடையோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலும் பக்கங்களிலும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கனத்துக்கு உலர்ந்த வைக்கோலையோ, தேங்காய் நாரையோ, பழைய கம்பளியையோ இறுகத் திணியுங்கள். நடுவில் பானை இறங்குமளவு குழி. மேலே வைப்பதற்கு இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று. மலைநாட்டில் பழைய கம்பளிக்குப் பஞ்சமில்லை. பாலக்காட்டில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. பானை கனமானதாயும், மூடி பொருந்துவதாயும் இருக்கவேண்டும். பானையின் முக்காற்பங்கேனும் நிறைந்திருக்கவேண்டும். கால்பங்கு உணவும் முக்காற்பங்கு காற்றுமாக வைத்தால் சூடு விரைவில் ஆறிவிடும். சூட்டைச் சேமித்து வைத்திருப்பது உணவும் நீருமே.

இனி மலையில் வாழ்வோர் கவனிக்க வேண்டிய ஒன்று. பாலக்காட்டுச் சமவெளியில் நீர் ஏறத்தாழ 100 பாகையில் கொதிக்கிறது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை தாழ்கிறது. 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றுப் பக்கத்தில் நீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். நீங்கள் எவ்வளவு விறகை அடுக்கினாலும், திறந்த பானையில் அதற்குமேல் சூடு ஏறாது. 'எங்கள் ஊரில் பருப்பு வேகுவதேயில்லை' என்று அங்குள்ள தாய்மார் சொல்வது பருப்பின் குற்றமன்று. கீழே 10 நிமிடம் கொதிக்கவிட வேண்டியதை மேலே 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள்; பெட்டியிலும் கூடுதலாக வைத்திருங்கள். சித்தூர்ப் பக்கத்தார்க்கு வேறு தொல்லை. அங்கே பல இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமானது. கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் தோலை இறுக்கிவிடும். நல்ல நீரில் ஊறவைத்து, நல்ல நீரிலேயே வேகவைத்தால் இத்தொல்லை இல்லை. மழைநீரைப் பிடித்து வைப்பவர் பேறுபெற்றோர்.

இப்போது சாறு செய்யும் முறை. ஆறு பேருக்கு அளவு சொல்கிறேன். எழுதிக்கொள்ள விரும்புவோர் எழுதிக்கொள்ளலாம்.

அட்டப்பாடித் துவரை கிடைத்தால் 150 கிராம் எடுத்து, முதல்நாள் இரவே ஊறவையுங்கள். கிடைக்காவிடில் கடைத் துவரம்பருப்பு போதும்; அதற்கு அரைமணி ஊறல் போதுமானது. கேரட் கால் கிலோ, உருளைக்கிழங்கு கால் கிலோ, பீன்ஸ் 150 கிராம், முட்டைக்கோசு 150 கிராம், பச்சைப்பட்டாணி ஒரு கைப்பிடி, சின்ன வெங்காயம் 100 கிராம், தக்காளி இரண்டு. பூண்டு 12 பல். வட்டவடைப் பூண்டானால் 8 போதும். இஞ்சி ஒரு விரற்கடை. மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, ஒன்றிரண்டாகப் பொடித்தது. மஞ்சள்தூள் சிறிது, கறிவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு. விருப்பமுள்ளவர் இறுதியில் அரைக் கிண்ணம் தேங்காய்ப்பால் சேர்க்கலாம். நான் சேர்ப்பேன். என் வீட்டிலுள்ள பெரியவர் அது சூப்பன்று, 'இஷ்டு'தான் என்று வாதாடுவார். வாதாடிக்கொண்டே இரண்டாம் முறையும் கிண்ணத்தை நீட்டுவார்.

முதலில் ஒரு கரண்டி எண்ணெயில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இஞ்சியையும் பொன்னிறமாக வதக்குங்கள். இவ்வேலையைத் தவிர்த்து எல்லாவற்றையும் பச்சையாகக் கொட்டிவிடலாம் என்று மின்பானையோடு வரும் சிறுநூல் கூறும். நம்பாதீர்கள். மெல்லிய சூட்டில் பொருள் வேகுமேயன்றி வறுபடாது. வறுபடுவதில் பிறக்கும் மணத்தை அடுப்பிலேயே பெற்றுவிட வேண்டும். வதக்கிய பின் துவரையையும் மஞ்சளையும் இட்டு, ஒன்றரை லிட்டர் நீர் ஊற்றி, நன்றாகக் கொதிக்கவிடுங்கள். ஊறிய முழுத் துவரைக்குக் கால்மணிக் கொதிப்பு. மலையில் 25 நிமிடம். அதன்பின் கேரட்டையும் கிழங்கையும் பீன்ஸையும் பட்டாணியையும் சேர்த்து, மறுபடியும் ஐந்து நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகே மூடவேண்டும்.

கேரட்டையும் கிழங்கையும் பெரிய துண்டங்களாக நறுக்குங்கள். நீண்ட நேரம் சூட்டில் கிடப்பவை பொடியாய் இருந்தால் கரைந்துபோம். கிழங்கு பானையின் அடியில், நீருக்குள் மூழ்கிக் கிடக்கட்டும். மேலே மிதந்தால் கறுக்கும். தக்காளியை இப்போது சேர்க்காதீர்கள். புளிப்பு உள்ள நீரில் பருப்பும் கிழங்கும் மென்மையடையத் தாமதமாகும். மொளகூட்டலில் புளி சேராமைக்கு ஒரு காரணம் உண்டென்று முன்னர்ச் சொன்னேன் அல்லவா? இதுவே அது. முட்டைக்கோசையும் இப்போது சேர்க்காதீர்கள். மணிக்கணக்கில் வெந்த கோசு தெருவெல்லாம் நாறும்.

மின்பானையுடையோர் கொதித்த இதனை அப்படியே பீங்கான் கலத்தில் ஊற்றி, 'லோ' என்னும் நிலையில் 7 அல்லது 8 மணி நேரம் விடலாம். 'ஹை' என்பதில் 4 மணி. இரு நிலையும் இறுதியில் கொதிநிலைக்கு அண்மையான சூட்டையே சென்றடைகின்றன. அடையும் நேரந்தான் வேறு. 200 வாட் கலமானால் 8 மணி நேரத்துக்கு 1.6 யூனிட்டுக்கு மேல் செலவாகாது. மூடியைத் திறக்காதீர்கள். நம் கை சும்மா இராது, எனக்குத் தெரியும். ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்பிவர இருபது நிமிடமாவது ஆகும். நீர் ஆவியாகிப் போவதில்லையாதலால் அடுப்பில் ஊற்றுவதைவிடக் குறைத்தே ஊற்றவேண்டும். முதன்முறை செய்வோர் பலரின் சூப்பு நீர்த்துப்போவது இதனால்தான்.

சூடாறாப்பெட்டியுடையோர் கொதிக்கும் பானையை அடுப்பிலிருந்து நேரே பெட்டிக்குள் இறக்கி, தலையணையை அழுத்தி மூடவேண்டும். இரண்டு அல்லது மூன்று மணியில் எல்லாம் மலர வெந்திருக்கும்.

எம்முறையாயினும், இறுதியில் பானையை அடுப்பிலேற்றி, தக்காளியும் கோசும் உப்பும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மிளகு சீரகப் பொடியும் தேங்காய்ப்பாலும் இலைகளும் இட்டு இறக்குங்கள். கரண்டியின் பின்புறத்தால் சில கிழங்குத் துண்டங்களை மசித்துவிட்டால் சாறு தானே கெட்டிப்படும், சோளமாவு வேண்டுவதில்லை.

தாய்மார்களே! இதுவரை இனிமையானதைச் சொன்னேன். இனிச் சொல்வதைச் சற்று உன்னித்துக் கேட்கவேண்டும். பெட்டியும் மின்பானையும் ஒன்றல்ல. மின்பானை சூட்டை இடைவிடாமல் ஊட்டிக்கொண்டே இருக்கிறது. பெட்டி, இருக்கும் சூட்டைக் காக்கிறது, புதிதாய்த் தருவதில்லை. எனவே காலை ஏழு மணிக்குப் பெட்டியில் வைத்து, மாலை ஐந்து மணிக்கு எடுத்து உண்ணலாம் என்று எண்ணாதீர்கள். 60 பாகைக்குக் கீழே சூடு இறங்கினால் நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்கும். மறுபடி கொதிக்கவைத்தால் உயிர்கள் மாயும். ஆனால் அவற்றுள் சில விட்டுச்சென்ற நஞ்சு மாயாது. வெப்பமானி இல்லாதவர்க்கு ஒரு சோதனை உண்டு. பெட்டியைத் திறந்தவுடன் உலோகப் பானையின் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்து நிற்க முடிந்தால் சூடு போதாது. வைத்து மூன்று மணிக்குள் என்றால் உடனே கொதிக்கவைத்து உண்ணலாம். அரைநாள் கடந்திருந்தால் மனம் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். வேலைக்குச் செல்வோர் பெட்டியை மாலையில் பயன்படுத்துவதே நன்று. வீடு திரும்பியவுடன் அரைமணி அடுப்பு வேலை. பின்பு பானை பெட்டியில். குளிப்பதற்கும், பிள்ளையின் பாடத்தைக் கேட்பதற்கும், சற்றே கால் நீட்டுவதற்கும் இரண்டு மணி நேரம் கிடைக்கும். நண்பகலில் வீட்டுக்கு வந்துபோகும் வாய்ப்புள்ளவர் காலையிலும் வைக்கலாம்.

மின்பானைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. மழைக்காலத்தில் மலையில் மரம் விழுந்து மின்சாரம் நிற்பது புதிதன்று. ஆளில்லாத வீட்டில் எப்போது நின்றது, எப்போது வந்தது என்று தெரியாவிடில், அவ்வுணவு பார்வைக்கு எவ்வளவு நன்றாயிருந்தாலும் உண்ணத்தக்கதன்று.

மிகப் பெரிய எச்சரிக்கை பீன்ஸ் கொட்டையைப் பற்றியது. பச்சைக் காயாக நறுக்கும் பீன்ஸைச் சொல்லவில்லை. முற்றி உலர்ந்த சிவப்புக் கொட்டை, ராஜ்மா என்கிறோமே, அது. அதில் இயல்பாகவே ஒரு நஞ்சு உண்டு, பைட்டோஹீமாக்ளூட்டினின் என்பர். நான்கைந்து கொட்டைகளைச் சரியாக வேகாமல் உண்டாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். நன்றாகக் கொதித்தால் நஞ்சு அழிந்துவிடும். ஆனால் 80 பாகை போன்ற மெல்லிய சூட்டில் கிடந்தால் அது அழியாததோடு மிகவும் கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. ஆகவே ஊறிய ராஜ்மாவை நேரே மின்பானையிலோ பெட்டியிலோ இடுவது உணவன்று, நஞ்சூட்டலே. 5 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் அரைமணி தளதளவென்று அடுப்பில் கொதிக்கவிட்ட பின்னரே மெல்லிய சூட்டுக்கு மாற்றவேண்டும். முற்றிய அவரைக்கொட்டையையும், பட்டர் பீன்ஸையும் இவ்வாறே கொதிக்கவைப்பது நலம். பிள்ளைகள் சமைக்கக் கற்கும் வீடுகளில் இதை அடுப்பின் மேற்சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

முன்வரிசைத் தாயாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மெல்ல வேகும் இந்தச் சாற்றில் கைத்திறன் வேண்டிய இடம் மிகக் குறைவு. பதம் பார்க்க வேண்டா, கிளற வேண்டா, பக்கத்தில் நிற்க வேண்டா. நறுக்கவும், கொதிக்கவிடவும், மூடவும் தெரிந்தால் போதும். ஆகையால், 'எனக்குச் சமைக்கத் தெரியாது' என்னும் பழைய சாக்கு ஆடவர்க்கு இனிச் செல்லாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விழாப் பந்தலுக்குப் பந்தக்கால் நட்ட இளைஞர்கள், நாளை மாலை ஒரு கிலோ கேரட்டை நறுக்கினால் சங்கத்தின் மதிப்பு குன்றிவிடாது.

மிகுந்த சாற்றைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. அகன்ற பாத்திரத்தில் ஊற்றி விரைவில் ஆறவைத்து, குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை நிற்கும். மறுநாள் காலை மட்டை அரிசிக் கஞ்சியோடு கலந்து சூடாக்கி, மேலே நெய்யில் பொரித்த கறிவேப்பிலையைத் தூவுங்கள். மலையில் குளிர்பெட்டி இல்லாத வீட்டார், குளிர்காலந்தானே என்று வெளியே வைத்துவிடாமல், அன்றைய அளவுக்கே சமைப்பது தக்கது. பெட்டி செய்யும் அளவுகளைத் தாளில் எழுதி மகளிர் குழுத் தலைவியிடம் கொடுத்திருக்கிறேன், வேண்டுவோர் பெற்றுக்கொள்ளலாம்.